சுற்றுக் கம்பிக்கு வெளியே ஒரு வீடு

வாவிக்கரையில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் காது கேளாதவர்களுக்கு ஒரு வசதி செய்யப்பட்டது. சுவிஸில் இருக்கும் ஒரு புண்ணியவான் காசு அனுப்பினார். வேலை முடிந்து, அவருடைய பெயர்ப்பலகையைத் திறந்து, கேக் வெட்டிச் சாப்பிட்ட பிறகுதான் கமிட்டிக்கு ஒரு விசயம் தெரியவந்தது. அதற்கு ஏற்ற காதுக் கருவி ஊரிலே ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவரோ கோயிலுக்கு வருவதேயில்லை.

அவர் யோசேப். மீன் ஐஸ் ஆலையில் கொம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று உழைத்தே இரண்டு காதையும் கொடுத்தவர். கருவி, மகள் சுலக்ஷனா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அதைப் போட்டால் எல்லாம் கேட்கும்; அதுதான் பிரச்சினை. காகம், மோட்டார் சைக்கிள், கோப்பை கழுவும் சத்தம் எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் இறங்கும். மனிதர் பேசுவது மட்டும் அந்த இரைச்சலுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும்.

அவர் கோயிலை விட்டதற்குக் காரணம் நாத்திகமல்ல, முழங்கை. மனைவி றீற்றா இருந்த காலத்தில், எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்பதை அவள் முழங்கையால் இடித்துச் சொல்லுவாள். அவளுடைய ஆண்டுத் திவசப் பூசையில் இடிப்பதற்கு ஆளில்லை. எல்லோரும் உட்கார்ந்திருக்க இவர் மட்டும் எழும்பி நின்று, அமைதியின் நடுவிலே பெரிய குரலில் "ஆமென்" என்றார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமற் போனது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

வீடு தூரமில்லை. கோயிற் சுவருக்கும் அவருடைய குசினிச் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த மின் வேலைக்காரன் திவாகரன், கம்பியைக் கோயிலுக்கு உள்ளே நிலத்தில் பதிக்க வேண்டுமென்றான். புதிதாகப் பதித்த மாபிளைக் கிளற விடமாட்டோம் என்று கமிட்டி ஒரே குரலில் சொன்னது. எனவே கம்பி வெளிச்சுவரைச் சுற்றிப் போனது. வாசற்படிக்குக் கீழால் நுழைந்து, யோசேப்பின் குசினிப் பக்கமாக ஓடி, திரும்பிப் பீடத்துக்கு வந்தது. மாபிள் தப்பியது.

இந்தக் கம்பி என்ன செய்கிறது என்று கமிட்டியில் எவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும் அல்லவா. ஆகவே இங்கே சொல்லிவிடலாம். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். மின்சாரம் மாறாமல் ஓடினால் புலமும் மாறாமல் கிடக்கும். பக்கத்தில் இருக்கும் கம்பிச் சுருளுக்கு (காதுக் கருவிக்குள்ளும் அப்படியொரு சின்னச் சுருள் உண்டு) புலம் இருப்பதே தெரியாது. மைக்கில் பேசும் குரலுக்கேற்ப மின்சாரம் கூடிக் குறைந்தால் புலமும் கூடிக் குறையும். அப்போதுதான், தொட்டுக்கொள்ளாமலே, பக்கத்துச் சுருளிலும் மின்சாரம் பிறக்கும். இதற்குத் தூண்டல் என்று பெயர். மாறாதது அயலைத் தீண்டாது.

இன்னொரு குணமும் உண்டு. மாறுகிற புலம் தன்னைப் பெற்ற கம்பியையே எதிர்க்கும். கூட்டப் போனால் கூட விடாது. குறைக்கப் போனால் குறைய விடாது. வேகமாக மாற்றப் பார்த்தால் வேகமாக முரண்டு பிடிக்கும். இது தன்தூண்டல், வயதானவர்களுக்கும் கமிட்டிகளுக்கும் பொதுவான குணம். கீச்சுக்குரல் வேகமாக மாறுவதால் அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். அதனால் திவாகரன் கோயில் அம்பிளிபயரை நம்பாமல், கம்பிக்கென்று தனி அம்பிளிபயராக ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். பீடத்து மைக்கை நேரே அதற்குக் கொடுத்தான். பூசை முடிந்ததும் கமிட்டி அம்பிளிபயரை நிற்பாட்டும். ஸ்பீக்கர் ஊமையாகும். சின்னப் பெட்டியை எவரும் கவனிக்கவில்லை. அது விழித்தே இருந்தது.

தவக்காலத்தில் ஒரு பகல், யோசேப் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கருவியை மாட்டும்போது விரல் பட்டு அதன் பொத்தான் வழமையான 'எம்'மை விட்டு 'ரீ' (T) என்ற ஆங்கில எழுத்துக்குப் போய்விட்டது. காகம் நின்றது. கோப்பை நின்றது. கருவிக்குள் இருக்கும் சின்னச் சுருள் மட்டும் வேலை செய்தது. அந்தச் சுத்தமான அமைதிக்குள் ஒரு பெண்குரல், காதுக்குள் வாய் வைத்ததுபோலச் சொன்னது:

"அந்தோனியாரே, தேங்காய் விக்கிற விலையில நான் என்னத்தக் கறி வைக்கிற?"

சோறு குழைந்தது.

குரல் செபஸ்தியம்மாவினுடையது. கோயிலைக் கூட்டி, பூ வைக்கிறவர். மகன் ஜெனிஸ்டன் கட்டாரில். வீட்டில் பேச ஆளில்லாததால், பூ வைக்கும்போது அந்தோனியார் சுரூபத்தோடு பேசுவார். சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் மைக்.

அதன் பிறகு யோசேப் பகலில் வெளியே போவதில்லை. கதிரையைக் குசினிச் சுவரோடு ஒட்டிப் போட்டார். தேங்காய், முட்டுவலி, கமிட்டித் தலைவரின் வயிறு, ஜெனிஸ்டனின் ரெலிபோன் வராத ஞாயிறுகள், எல்லாம் கேட்டார். ஒருநாள் தன்னைப் பற்றியும் கேட்டார்.

"பக்கத்து வீட்டு யோசேப்பண்ணன் இரிக்கார். விடிய நான் 'எப்படி' எண்டு கேட்டா மூஞ்சைத் திருப்பிட்டுப் போறார். பெருமை புடிச்ச மனிசன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஒரு புதன்கிழமை அந்தக் குரல் தணிந்தது. "இத உமக்கு மட்டுந்தான் சொல்றன். வேற ஒரு மனிசருக்கும் தெரியாது."

யோசேப் கருவியைப் பிடுங்கி மேசையில் வைத்தார். வாசகர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அவருக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாட்டிப் பார்த்தார். அழுகை கேட்டது. மறுபடியும் கழற்றினார்.

செபஸ்தியம்மாவிடம் சொன்னால் அந்தக் குரல் போய்விடும். சொல்லாவிட்டால் தினமும் கதிரையில் இருந்து களவெடுக்க வேண்டும்.  கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை 'எம்'முக்குத் தள்ளி, கோயிலின் பக்கக் கதவால் போனார்.

"செபஸ்தியம்மா, அந்த மைக் நிக்கல்ல."

"என்ன?"

"நீங்க கதைக்கிறதெல்லாம் எனக்குக் கேக்குது. வீட்டில இருந்தே."

"உங்களுக்கா? லொறிக்காரன் ஹோர்ன் அடிச்சாலும் விலகாத உங்களுக்கா?"

"ஓம். இது மட்டும் கேக்குது."

செபஸ்தியம்மா தணிந்த குரலில் ஏதோ கேட்டார். யோசேப் காதைக் காட்டினார். செபஸ்தியம்மா கிட்டே வந்து கத்தினார். "எப்ப இருந்து?"

"தவக்காலத்தில இருந்து."

"அப்ப தலைவர்ட வயித்தைப் பத்திச் சொன்னது?"

"கேட்டன். அது நல்லா இருந்த."

"உங்களைப் பத்தி?"

"பெருமைக்காரன் எண்டது. பெருமை இல்ல, கேக்காததுதான்."

செபஸ்தியம்மா பூவைக் கீழே வைத்தார். "இண்டைக்குச் சொன்னது?"

"உமக்கு மட்டுந்தான் எண்டது வரைக்கும். மறுகா கழட்டிட்டன்."

 அவர் நேரே போய், இன்னும் லைட் எரிந்துகொண்டிருந்த சின்னப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பூச்சாடியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

வியாழன், வெள்ளி, சனி. யோசேப் கதிரையில் இருந்தார். 'ரீ'யில் இப்போது, குரல் இருந்தவரை அவர் கவனிக்காத வீட்டு வயர்களின் இரைச்சல் மட்டுமே. ஊரெல்லாம் ஓடும் அதே மின்சாரம், ஒரே சுருதியில், எதையும் சொல்லாமல்.

ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால், அந்த இரைச்சலுக்கு மேலே குரல் வந்தது. மைக் சரி பார்ப்பது எப்போதும் செபஸ்தியம்மாவின் வேலை; பிளக்கையும் அவரே திரும்பச் செருகியிருந்தார்.

"ஹலோ, ஹலோ. சுவருக்கு அங்கால இருந்து கேக்கிற ஆக்கள் இஞ்சால வந்தும் கேக்கலாம். வாங்கில இடம் கிடக்கு. ஹலோ."

ஸ்பீக்கரிலும் கேட்டிருக்கும். கோயிலில் இருந்தவர்கள் யாருக்கென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம்.

யோசேப் 'ரீ'யிலேயே வந்தார். வாசற்படியில் கால் வைத்ததும் பாதர் தொடங்கிய செபம் பட்டென்று அறுந்தது. கம்பிக்கு நேர் மேலே புலம் படுத்துக் கிடக்கும். நின்றபடி இருக்கும் சுருளில் ஒன்றும் பிறக்காது. இது அவருக்குத் தெரியாது. தனக்கு மட்டும் இங்கே இடமில்லை என்றுதான் நினைத்தார். அந்தப் படியில் நின்று, திரும்பி வீட்டைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. இன்னொரு அடி வைத்தார். பாதரின் குரல் முழுதாகக் காதுக்குள் வந்து இறங்கியது.

கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். பாதரின் குரலைத் தவிர வேறெவர் குரலும் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வாய்கள் மட்டும் திறந்து மூடின. அவ்வளவு சனத்துக்கு நடுவே, குசினியில் இருந்த அதே தனிமைதான். ஆனால் "ஆமென்" சரியான இடத்தில் விழுந்தது. சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. முன்வாங்கில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்து சனம் கலையும்போது, செபஸ்தியம்மா காய்ந்த பூக்களோடு அவரைக் கடந்து போனார். போகிற போக்கில் வாய் அசைந்தது. ஏதோ சொல்லிவிட்டார். யோசேப் 'எம்'முக்குத் தள்ளுவதற்குள் அவர் போய்விட்டார். காகங்களும் சைக்கிள்களும் ஒன்றாக வந்து இறங்கின.

திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தோடு வாங்குகளுக்கு இடையால் பின்னாலேயே போனார்.

"என்ன சொன்னீங்க?"

செபஸ்தியம்மா திரும்பவில்லை. ஆனால் குரலை உயர்த்தினார்.

"கேக்கல்லயா? அப்ப சரி. ஒருக்காத்தான் சொல்லுவன். அடுத்த கிழமை காதை ஒழுங்கான பக்கம் திருப்பிட்டு வாங்க."