இரண்டு குழாயும் அடைப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்துப் பன்னிரண்டு வருடம் யோசித்துவிட்டேன். பேனாவை எடுத்தால் பூஜை அலமாரி முருகன் சிரிப்பதுபோல் இருக்கும், மூடி வைத்துவிடுவேன். போன வாரம் கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் ஒரு விளம்பரத் தட்டி. குழந்தையில்லாதவர்களுக்கான மருத்துவமனையாம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பாப்பா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற என் மகள், "ஏம்பா, அவ்ளோ சின்ன கொழாய்ல நான் எப்டிப்பா கால நீட்டிக்கினு இருந்தேன்?" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளே சொன்ன பிறகு எனக்கென்ன மறைப்பு?

குழாய் என்றாலே எனக்குச் சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனைதான். அப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு குழாய்க் கம்பெனியில் வேலை. எங்கள் கையில் போன் கிடையாது. கம்பெனி கேட்டில் இருக்கும் ஒரே போன்தான் எல்லோருக்கும். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. என் மனைவி செல்வி அமாவாசைதோறும் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பாள். அந்தக் குளத்து மீன்களுக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கும். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சென்னைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதைக் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னாள். எடுத்தவன் என்னோடு மெஷினில் நிற்கும் தேவசகாயம். வெட்கத்தில் பாதியை விழுங்கிவிட்டாள் போல. அவன் வந்து, "யோவ், உன் ஊட்ல ரெண்டு கொழாயும் அடைச்சிக்கினுகீதாம்" என்றான்.

நானும் நம்பினேன், கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு குழாயையும் திறந்து பார்த்து, "நல்லாத்தானே வருது?" என்றேன். செல்வி அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் விளங்கியது, அது கருக்குழாய்.

தேவசகாயத்திடம் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு, அடைப்பெடுக்கும் சுருள் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எந்தக் கொழாய்மா? சமையக்கட்டா, பாத்ரூமா?"

"அது... உள்ள கீற கொழாய்ண்ணா."

"ஊட்டுக்குள்ளதாம்மா கேக்கறேன்."

நாலு நாளாக அழுதவள் சிரித்தாள் பாருங்கள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் அவன் கம்பியைப் பாத்ரூம் ஆணியில் மாட்டிவிட்டுத் தலை நிமிராமல் போய்விட்டான்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன், டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இந்த வைத்தியம் பிறந்ததே அடைபட்ட குழாய்க்காகத்தானாம். சீமையில் ஒரு அம்மாவுக்கு இதே அடைப்பு. முட்டையை வெளியே எடுத்து, புருஷன் வித்தோடு சேர்த்து, உயிர் பிடித்ததும் உள்ளே வைத்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. அடைப்பைச் சுற்றி வேறு லைன் போடுவது, அவ்வளவுதானே. கண்ணாடிக் குழாயிலா வைப்பீர்கள் என்று கேட்டேன். "குழாயெல்லாம் இல்லைங்க, சின்னத் தட்டுதான்" என்றார். "ஒண்ணா வச்சு மூடிட்டு வந்துடுவோம். உயிர் பிடிக்கிறது எங்க கையில இல்ல." கோயிலில் திரை போட்டதும் வெளியே நிற்கிறோமே, அதுபோல நின்றேன்.

உயிர் பிடித்தது. கருவில் ஒரு செல் இரண்டானது, நாலானது. மூன்றாம் நாள் எட்டு, இன்றே உள்ளே வைக்கலாம் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "எட்டு ஆவாத நம்பர் மேடம், ஒம்போது ஆவட்டுமே." அவர் சிரிக்காமல், "உள்ள போய் ஆயிக்கும்" என்றார்.

ஒவ்வொரு தடவை நான் லீவு போட்டபோதும் தேவசகாயம் சூப்பர்வைசரிடம், "அவன் ஊட்ல கொழாய் அடைப்பு சார்" என்பான். "கொழாய் கம்பெனிக்காரன் ஊட்ல எப்பப் பாத்தாலும் இன்னாய்யா அடைப்பு?" என்று அவர் கத்துவார். ஸ்கேனில் கடுகளவு இதயம் மினுக்கியதைப் பார்த்துவிட்டு வந்த அன்று தேவசகாயம் கேட்டது ஒரே வார்த்தை: "வந்துச்சா?" வந்துவிட்டது என்றேன். மெஷின் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எண்ணெய் தெறித்துவிட்டதாம்.

அந்தக் கம்பெனி இப்போது குடோன். கேட் போன் இல்லை. தேவசகாயமும் இல்லை, சாகும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. கம்பி மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டியவர்கள் இருப்பார்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வெல்லத்தையும் விடாதீர்கள், டாக்டரம்மாவையும் விடாதீர்கள். முக்கியமாக, அடைப்பெடுக்கத் தேவசகாயம் வெள்ளைச் சட்டையில் வந்தான். அதில் கறை ஒன்றும் படவில்லை.