பேர் சொல்லாதவளின் மூச்சு

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் எனக்குத் திக்கென்றது குளிரால் அல்ல, பெண்கள் புருஷன் பேரைச் சொல்லுகிற விதத்தால். நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஒரு சின்ன டவுனில் இருக்கிறது. அடிபட்டவர்களும் திடீரென்று நோய் கண்டவர்களும் முதலில் வந்து நிற்கும் 'காஷுவாலிட்டி' வாசலில் ஒரு மேஜை போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பேர், விலாசம், என்ன உபத்திரவம் என்று கேட்டு எழுதி, யாரை உடனே டாக்டரிடம் அனுப்புவது, யாரைப் பெஞ்சில் காக்க வைப்பது என்று பிரிக்கிற வேலை. வருகிற பெண்கள் ஆல்பர்ட், ஜார்ஜ் என்று புருஷன் பேரைக் கடையில் உப்புக் கேட்கிற மாதிரி சொல்லுகிறார்கள். ஒருத்தி சொன்னதோடு விடாமல், "ஆல்பர்ட், காலைத் துடைத்துவிட்டு வா!" என்று ஓர் அதட்டும் போட்டாள். அடேயப்பா! எங்கள் சங்கரன்கோவிலில் இப்படி ஒருத்தி சத்தம் போட்டால் தெருவே திரண்டுவிடும். எனக்கே கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் பேரை இங்கே எத்தனையோ ஃபாரங்களில் எழுதியிருக்கிறேனே தவிர, வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன மாசம் ஒரு பகல், வெளியே மூடுபனி. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் தனியாக வந்தார். பேர் கேட்டேன். "வாக்கர்." விலாசம் கேட்டேன். தெருப் பேரை மட்டும் சொல்லி நிறுத்தினார். என்ன உபத்திரவம் என்றேன். "நத்திங்... மச்... லவ்", பெரிதாக ஒன்றுமில்லை என்று சிரித்தார். இங்கே பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் ஒரு கண்டக்டரை நான் முறைத்த முறைப்பில் அந்த ஆள் சில்லறையைக் கீழே போட்டுவிட்டார். இந்தப் பெரியவர் மற்றவர்களைக் கையால் காட்டி, அவர்களை முதலில் பாருங்கள் என்று சைகை செய்தார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். காலையில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "டீ" என்றார். ஒரு மூச்சு வாங்கினார். "ரொட்டி" என்றார். மறுபடி ஒரு மூச்சு. கழுத்துத் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுதாக மூச்சை எண்ணிவிட்டு, சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்தால் ஒரே ரகளை. இந்த ஊர்க்காரர்களுக்கு வரிசை என்றால் வேதவாக்கு. கையை வெட்டிக்கொண்டு வந்த ஒருவர் எழுந்து நின்று, தான் ஒரு மணி நேரமாகக் காத்திருப்பதாகவும், எங்கள் நாட்டில் எப்படியோ, இந்த நாட்டில் முன்னால் வந்தவனுக்குத்தான் முதல் இடம் என்றும் நிறுத்தாமல் பொரிந்து தள்ளினார். "ஐயா, இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதே, நீங்கள் இன்னும் அரை மணி நேரம் தாராளமாகக் காத்திருக்கலாம்" என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்து அவர் இன்னும் கோபப்பட்டார். சத்தியமாகக் கேலி இல்லை. சாயங்காலம் எங்கள் வார்டு சிஸ்டர் டீக்கோப்பையோடு வந்து, பெரியவர் பிழைத்துக்கொண்டார், கால் மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம் என்றாள். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள்.

கற்றுக்கொண்டது சங்கரன்கோவிலில்தான். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். டாக்டர் ஒருவர் தனியாக நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சீட்டு எழுதுவதும் நான்தான். அன்று கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. கூட்டத்தில் மயங்கினவர்கள், கால் மிதிபட்டவர்கள் என்று வாசல் கொள்ளவில்லை. இந்தச் சந்தடியில் ஒரு பெண் மெள்ள நடந்து வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலைச் சிவப்பு. பேர் கேட்டேன். "வேலம்மா." ஊர் கேட்டேன். "கரிவலம்." கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்திருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் இறக்கிவிட்டுவிட்டு வண்டியை அவிழ்க்கப் போயிருந்தார். அடுத்து, புருஷன் பேரைக் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் பத்துப் பேராவது இப்படித்தான் நிற்பார்கள். முருகன் பேர் என்றால் பழனி மலைச் சாமி என்பார்கள், ஒரு நாளும் பேரைச் சொல்ல மாட்டார்கள். "சரி சரி, நீ அவுக பேரச் சொல்ல மாட்டே. கூட வந்த ஆளு வரட்டும், அங்கன போய் உக்காரு தாயீ" என்றேன். அவள் கையை நீட்டினாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் தேள் கொட்டின ஒருவரை ஐந்து பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் போட்ட கூப்பாட்டில் கோயில் மேளமே கேட்கவில்லை. அவரை உள்ளே கொண்டுபோனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்திருந்தாள். அதையும் பார்த்தேன். பயந்த சுபாவம், கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வண்டியை அவிழ்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "யம்மா, இவளுக்கு இழுப்பு! ராத்திரியிலிருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கா, ஏன் இங்கன உக்கார வச்சிருக்கிய?" என்று அலறினபோதுதான் ஓடிப்போய் மாராப்பை விலக்கினேன். தொண்டைக்குழி பள்ளமாக உள்ளே போயிற்று. மூச்சிழுப்புக்காரர்களுக்கு வழக்கமாகக் கேட்கிற விசில் சத்தம் கூட இல்லை. காற்றே போகாத நெஞ்சில் சத்தம் எங்கிருந்து வரும்? வெற்றிலைச் சாற்றைத் துடைத்தேன், உதடு நீலமாக இருந்தது. டாக்டர் ஊசி போட்டார். பலிக்கவில்லை. ஒரு சொல் சொல்லத்தான் அவளிடம் மூச்சு இருந்தது. முதல் இரண்டு கேள்விக்கு அதைச் செலவழித்துவிட்டாள். மூன்றாவதற்கு மிச்சமில்லை. நான் அதை நாணம் என்று எழுதிக்கொண்டேன். பாவி நான்.

புருஷன் பொழுது சாயும்போது ஓடிவந்தார். பருத்திக்காட்டு மண் காலில் அப்படியே இருந்தது. அழக்கூடத் தோன்றாமல் என் மேஜை முன் நின்று, "ஏதாச்சும் சொன்னாளாம்மா?" என்று கேட்டார். உண்மை எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தே சொன்னேன்: "ஒங்க பேரக் கேட்டேன் அண்ணாச்சி. கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேன்னுட்டாக." அவர் முகம் உடைந்தது. துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "சொல்ல மாட்டா. அவ சொல்ல மாட்டா. நான் சொல்லுதேன், எழுதிக்கோங்க" என்று தன் பேரைத் தானே சொன்னார். நான் எழுதினேன்.

கப்பலேறுவதற்கு முந்தின வாரம், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவது என்று கரிவலத்துக்கு பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் அவர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். "இந்தா, இவுகதான் அந்த நர்ஸம்மா. கேட்டுக்கோங்க, சாகுத நேரத்துலயும் எம் பேரச் சொல்ல மாட்டேன்னு இருந்தவ எம் பொண்டாட்டி! எந்த வீட்டுல உண்டு?" அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் உயிரோடு நடமாடுகிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் அன்றைக்கு சிஸ்டரிடம் என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கொடுமையான வழக்கம்! உங்கள் பெண்கள் பாவம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை" என்றாள். இல்லை சிஸ்டர், வழக்கம் அவளைக் கொல்லவில்லை, அவள் கழுத்தைப் பார்க்காத நான்தான் கொன்றேன் என்றேன். அவள் தலையை ஆட்டி, நீ களைத்திருக்கிறாய் என்று இன்னொரு டீ ஊற்றினாள். அங்கே வேலம்மாவின் புருஷன் அந்த வழக்கத்தைக் கொண்டாடி என்னை விட்டுவிட்டார். இங்கே இவள் அதையே திட்டி என்னை விட்டுவிடுகிறாள். என்னை ஏசுவதற்கு இரண்டு ஊரிலும் ஓர் ஆள் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் பேரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஆனால் கரிவலத்துக்காரர் யாராவது இதைப் படித்தால் ஆள் இன்னார் என்று உடனே தெரிந்துவிடும். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அங்கே வந்து சொல்லவும் தைரியமில்லை, இங்கே சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.