நாலு விரல் தூரம்

போன வாரம் தங்கை மகனுக்கு மேப் வாங்க ஒரு ஸ்டேஷனரி கடையில் நின்றேன். "ஆறா, மலையா, வெறும் மாநிலமா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் கட்டைப் பிரித்தார். அந்த மலிவுத் தாளின் மை வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வெயிலில் இரண்டு தெரு சுற்றினேன். சமீமாவைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா?

ஒரு காலத்தில் நான் ஆறு மாதம் டீச்சராக இருந்தேன். பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக, ஏழாம் வகுப்புக்குப் புவியியல். நான் படித்ததோ வரலாறு. காலை வெயில் இல்லாவிட்டால் எனக்குக் கிழக்கு தெரியாது. முதல் நாள் இரவு படித்ததை மறுநாள் நடத்துவேன். பிள்ளைகள் என்னைவிட ஒரே ஒரு பக்கம்தான் பின்தங்கியிருந்தார்கள்.

அந்த வயதில் எனக்குத் திண்டுக்கல்லில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏறப்போவதில்லை என்று தெரிந்தும் பஸ் போர்டுகளை வாசித்துக்கொண்டு நிற்பேன். பழனி, கரூர், திருச்சி, கம்பம். வகுப்பிலும் அதே பேச்சுதான். தண்டவாளத்தைப் பிடித்தால் யாரும் எந்த ஊருக்கும் போய்விடலாம் என்று சாக்பீஸை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். என் கால் அரிப்பைப் பாடமாக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் நாற்பது பிள்ளைகளையும் மலைக்கோட்டைக்கு ஏற்றிக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு மேப். மேலே காற்று தாளைப் பிய்த்தது. அங்கே சிறுமலை, இங்கே கொடைக்கானல் மலை என்று காட்டினேன். மேப்பில் நீலக்கோடாக ஓடிய குடகனாற்றைத் தேடினால் வெள்ளை மணல்தான் தெரிந்தது. ஆறென்றால் தண்ணீர் வேண்டாமா என்று ஒருவன் கேட்டான்.

சமீமா ஆற்றையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. நான்கு பக்கமும் பிரிந்துபோகும் தண்டவாளங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குள்ளேயே இருக்கும் பேகம்பூர்ப் பிள்ளை. அவள் அம்மா ஒரு பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவர். அப்பா தோல் வேலைக்காரர். இங்கே வேலை குறைந்துபோய் ஆம்பூருக்குப் போனவர், எட்டு மாதமாக வரவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"டீச்சர், ஆம்பூருக்கு எந்தத் தண்டவாளம்?" என்றாள்.

ஒரு பிள்ளையாவது கேள்வி கேட்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கரூர் லைனைக் காட்டி, கரூர், ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை என்று அவள் மேப்பிலேயே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். பிள்ளை சோற்று டப்பாவை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். சமீமா அன்று வகுப்புக்கே வரவில்லை. அதைச் சொன்னதும் அவர் கையிலிருந்த டப்பா சாய்ந்து சோறு வராந்தாவில் கொட்டியது. எனக்கு மட்டும் அவள் எங்கே போயிருப்பாள் என்று தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கே இல்லை. கரூர் லைனை ஒட்டியே ஆட்டோவை விடச் சொன்னேன். வழியில் ஒரு ரயில் கடந்து போனது.

ஊர் தாண்டி ஒரு ரயில்வே கேட். கேட்காரரின் அறை வாசலில் மேப்பை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. தண்டவாளத்தோரம் தனியாக நடந்து வந்தவளைக் கேட்காரர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

"ஈரோடு வர இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்னு கேக்குதும்மா புள்ள," என்றார்.

சமீமா அழவில்லை. பென்சில் கோட்டின் மேல் விரல்களை வைத்து என்னிடம் அளந்து காட்டினாள். "நாலு வெரல்தான டீச்சர். அத்தாவப் பாத்துட்டு சாயங்காலம் வந்துரலாம்னு நெனச்சேன்."

அவள் அம்மா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "வழியச் சொன்னீங்கல்ல டீச்சர், எம்புட்டு தூரம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கப்புடாதா?" என்று மட்டும் கேட்டார்.

தூரம் அடுத்த வாரப் பாடத்தில் இருந்தது. மேப்பில் ஓர் அங்குலம் நிஜத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பது அந்தப் பாடம். தலைமையாசிரியை இனிமேல் வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போகக் கூடாது என்றார். சரி என்றேன். மறுநாளே அந்தப் பாடத்தை எடுத்தேன். கோட்டின் மேல் நூலை வைத்து அளக்கச் சொன்னேன். ஆம்பூருக்கு நடந்தால் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டதில் சமீமாவுக்குப் பன்னிரண்டு வந்தது. சரியான விடைதான். நோட்டை என்னிடம் நீட்டியவள், "அத்தா வெரசா நடப்பாங்க டீச்சர், பத்து நாள்ல வந்துருவாங்க," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தாவுக்கு யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். பெருநாளைக்கு வந்தார். வந்தவர் குடும்பத்தையே ஆம்பூருக்குக் கூட்டிப்போய்விட்டார். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று சமீமா புதுச்செருப்பு போட்டிருந்தாள். மாடிப்படி முழுக்க அது சத்தம் போட்டது. அடுத்த மாதம் என் ஆறு மாதமும் முடிந்தது. நானும் ஊரைவிட்டுக் கிளம்பினேன். பிறகு எந்த ஊரிலும் நிலைத்து உட்காரவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையாக ஆம்பூருக்குப் போயிருந்தேன். செருப்புக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் மேல்கோட்டு. ரோட்டோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கேட் மூடும்வரை நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு பன்னிரண்டு வயது முகத்தை. அந்த முகம் இப்போது யாரிடமும் இல்லை.