முன்கதவுக்குப் பூட்டு இல்லாத பஸ்

இன்னும் இருபத்தாறு நாள். அந்த மாதம் யாரைப் பார்த்தாலும் இப்படி மீதி நாளைத்தான் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஆக்லாந்தில் இரண்டு வருடம் பஸ் ஓட்டி முடித்து, கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால், இந்த நாட்டிலேயே தங்கிவிட விண்ணப்பிக்கலாம். அதற்குள் வேலை போனால் நான், மனைவி, எங்களுக்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்லப் பழகிவிட்ட மகள், மூன்று பேரும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "காலை ஆட்டாதீங்க, டேபிளே ஆடுது" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

மனம் கொஞ்சம் அடங்கிய இடம் டிப்போதான். அதற்குக் காரணம் அங்கிருந்த பழைய பஸ்கள். நம் ஊரில் வெறும் சேஸிஸை வாங்கி, கரூருக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பாடி கட்டுவார்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மூக்கு, ஒரு முழி. இங்கேயும் கதை ஏறக்குறைய அதேதான், பட்டறைதான் கடல் தாண்டி இருந்தது. எங்கள் டிப்போவில் இங்கிலாந்தில் வரைந்த ஒரே பாடியின் மூன்று தலைமுறைகள் வரிசையாக நிற்கும். மூத்ததற்கு உருண்டை விளக்கு, ரப்பர் விளிம்பு வைத்த ஜன்னல். நடு வண்டிக்குக் கண்ணாடியை அப்படியே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கடைசியாக வந்தது பேட்டரி வண்டி. ஓடுவதே தெரியாது, ஆனால் அந்த முகச்சாடை மட்டும் மாறவில்லை.

அதன் வரலாற்றை எனக்குச் சொன்னவர் டிப்போவில் பாடி வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இங்கிலாந்தில் சின்ன ஊர்களின் குறுகலான தெருக்களுக்காகத்தான் அதை முதலில் வரைந்தார்களாம். மூன்று படி ஏறவேண்டியிருந்த பழைய பாடியை ஒதுக்கிவிட்டு, வயதானவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் சுலபமாக ஏறும்படி தரையைத் தாழ்த்தினார்கள். இன்ஜினைப் பின்னால் தள்ளியதால் பின்பாதியில் மட்டும் படி மிஞ்சியது. கூடு அலுமினியம், போல்ட் போட்டு முடுக்கியது. அதனால் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பி, இங்கே கூட்டிப் பூட்டிக்கொள்ள முடிந்தது.

"அவங்களுக்கு ஒரு கதவு போதும் தம்பி. இஞ்ச உள்ளவங்களுக்குத்தான் ரெண்டு கதவு வேணும். நடுவில வெட்டி மற்றக் கதவை வைச்சது இஞ்சதான்" என்றார் அவர். நடுக்கதவு திறந்திருக்கும்வரை பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு பூட்டும் அதோடு வந்தது. முன்கதவுக்கு, மூத்த வண்டிகளில், அந்தப் பூட்டு கிடையாது.

"ஏன் இல்லை?"

"ட்ரைவர் பக்கத்திலதானே இருக்கிறான், கண்ணால பாக்கமாட்டானோ எண்டு நினைச்சிருப்பாங்கள்."

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. தமிழ்நாட்டில் நான் பதினோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவன். அந்தப் பதினோரு வருடத்தில் கதவுப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததே அபூர்வம். அது கண்டக்டர் பாடு. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. ஏறியவர் ஏறினாரா, தொங்குகிறவர் தொங்குகிறாரா என்பதெல்லாம் அந்த விசிலுக்குள் அடக்கம். இங்கே வந்து பயிற்சியில் கண்ணாடியைப் பார், கதவைப் பார் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். பழகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை என் பேட்டரி வண்டி சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. மூத்த வண்டியைக் கொடுத்தார்கள். மதியம் மூன்று மணி இருக்கும், த்ரீ கிங்ஸ் என்ற ஏரியா பக்கம் வந்துகொண்டிருந்தேன். கடைக்குப் போய்விட்டு வாரத்தில் நான்கு நாள் என் பஸ்ஸில் வீடு திரும்பும் ஒரு சமோவா அம்மா, முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். உருட்டு நடைவண்டி ஒன்று வைத்திருப்பார். ஏறும்போதெல்லாம் நலம் விசாரிப்பார். அன்றும் கேட்டார்.

"இன்னும் இருபத்தாறு நாள்தான், அம்மா. அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன்.

"நான் உனக்காக ஜெபம் பண்ணுகிறேன்" என்றார்.

அவருடைய ஸ்டாப் ஒரு பள்ளி மைதானத்தை ஒட்டி இருந்தது. நிறுத்தி, முன்கதவைத் திறந்தேன். அவர் நடைவண்டியை நடைபாதையில் வைத்தார், ஒரு காலையும் வைத்தார். மைதானத்தில் விளையாட்டு டீச்சர் யாரையோ கூப்பிட்டு விசில் ஊதினார். பீப், பீப். இரண்டு.

என் கை ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கை எடுத்தது. கால் ஆக்ஸிலேட்டருக்குப் போய்விட்டது. வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும். "ஓ!" என்று சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். ஐயோ, அந்த அம்மா நடைபாதையில் கையை ஊன்றி விழுந்து கிடந்தார்.

இறங்கி ஓடித் தூக்கினேன். பின்னால் இருந்த நாலைந்து பேரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "ஒன்றுமில்லை மகனே, என் கால்தான் தடுக்கிவிட்டது. போ, போ, உனக்கு நேரமாகிறது" என்று சிரித்தார். பயணி விழுந்தால் அந்த நிமிடமே ரேடியோவில் சொல்லவேண்டும், அதுதான் விதி. நான் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

டிப்போவில் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மூத்த வண்டியின் முன்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தரும் கேக்காட்டி கமெராப் பதிவு தன்பாட்டில அழிஞ்சுபோகும். இதை இனி ஒருத்தரோடயும் கதையாத. பிள்ளையை நினைச்சுப் பார்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா கடை ஸ்டாப்பில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. திங்கட்கிழமை கடை வாசலில் அரை நிமிடம் கூடுதலாக நின்றேன், பின்னால் ஒருவர் எரிச்சலோடு இருமினார். வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார், மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கிளென் ஈடனில் நாங்கள் ரென்ட்டுக்கு இருக்கும் வீடு, நடப்பதற்கு அதில் பத்தடிகூடக் கிடையாது.

அன்று மாலை மனைவி தோசை ஊற்றிக்கொண்டே தன் வேலையிடத்துக் கதையைச் சொன்னாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். "ஒரு தாத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருங்க. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. மூணாம் நாள் பாத்தா எலும்பு விரிசல் விட்டிருக்கு. விழுந்தவங்க யாருமே வலிக்குதுன்னு சொல்லமாட்டாங்க. நாமதான் விடாம கேக்கணும்."

கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்தாள். முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு. "நாலு நாளா என்கிட்டகூட சொல்லாம முழுங்கிக்கிட்டு இருந்தீங்களா? விசில் ஊதினா வண்டிய எடுத்துடுவீங்களா? யாராவது கேட்டா சிரிக்கமாட்டாங்களா?" என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டு, அழுகிற குரலில், "அந்தம்மா வீடு எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது. பெயர்கூடத் தெரியாது. அவர் ஏறும்போது தட்டும் பஸ் கார்டை வைத்துக் கம்பெனி மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

"அப்ப போய்ச் சொல்லுங்க" என்றாள். "விசா போனா போகட்டும்" என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஷிஃப்டுக்கு முன்னால், மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன். இந்த ஊர்ப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஏன் வண்டியை எடுத்தீர்கள் என்று கேட்டார். இரண்டு விசில் கேட்டது என்றேன். யாருடைய விசில்? பள்ளிக்கூடத்து டீச்சருடையது. அவர் உங்களுக்கா ஊதினார்? இல்லை. கண்டக்டர் என்றால் யார், விசில் என்றால் என்ன என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, கூப்பிடும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்.

மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். போன் அடித்தால் பாய்ந்து எடுத்தேன், அடிக்காவிட்டால் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். கடிதம் கிடைக்குமா கிடைக்காதா, இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடவேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

மேலாளர் தானே பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவைச் செவ்வாய் மாலையே கண்டுபிடித்துவிட்டார்களாம். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. தனியாக இருப்பவர். ஐந்து நாளும் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக இவர்களே கார் அனுப்பியிருக்கிறார்கள், இப்போது மாவுக்கட்டு போட்டாயிற்று.

"டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டோம்" என்றார் மேலாளர். இங்கே அடிபட்டு டாக்டரிடம் போனால் ஒரு படிவம் எழுதுவார்கள். எங்கே விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள் என்று அதில் எழுதவேண்டும். "பஸ் என்று எழுதினால் அந்த டிரைவருக்கு வேலை போய்விடும், அவனுக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது, அது முடியட்டும், பிறகு போகலாம் என்று இருந்தேன் என்கிறார்."

எனக்கு முன்னால் மேஜையில் என் பெயர் போட்ட கோப்பு திறந்திருந்தது. அதைப் பார்க்கவே முடியவில்லை. அந்த அறையில் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன். மேலாளர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார்.

"கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்றார் கடைசியில்.

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு எந்தக் கை என்று மட்டும் கேட்டேன். வலது கை என்றார்.