எரிந்த கோயிலில் அமர்ந்த எங்கள் அம்மா

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அம்மாவின் முகத்தைத் தேடும் உற்றார் உறவினர், தீப்பற்றிக் கரிந்த எங்கள் சபைக் கோயிலின் உட்புறத்தைக் கண்டு திகைக்கக்கூடும். படத்தின் இடப்பக்கம் வெள்ளையாகத் தெரிவது சுவரில் தப்பிய சுண்ணாம்பு அல்ல. அதுதான் எங்கள் அம்மா. அவர்களுக்கு வேறு படம் இல்லை. “செத்த வீட்டு மலர்ல எரிஞ்ச கோயிலா? அபசகுனம்லா” என்று சித்தப்பா தடுத்தார்கள். மூத்த மகளாகிய நான் கேட்கவில்லை.

அம்மா பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்கள். மிஷன் பள்ளி உபாத்தியாயராக இருந்த அப்பா பேதியில் போனபின், நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். யாரிடமும் தலை குனிந்ததில்லை. அதனால் வாயாடி என்று பெயரும் வாங்கினார்கள். அந்தப் பெயர் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் தோரணம் கட்டிய பனையோலையில் விளக்குச் சுடர் பற்றி, எங்கள் கோயிலின் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சபைக் குருவான ஐயர் அவர்கள், இனி இக்கோயிலைப் பூட்டிவிட்டுப் பக்கத்து ஊர்க் கோயிலோடு சேர்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். இங்கே ஆராதனைக்கு ஆள் வருவதில்லை என்று மேலிடத்துக்கு எழுதி, அதற்குச் சாட்சியாகப் படம் எடுக்கத் திருநெல்வேலியிலிருந்து படக்காரரையும் வரவழைத்தார்கள்.

படக்காரர் முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது, அம்மா உள்ளே போய்ப் பெண்கள் பக்கத்தில் தாம் வழக்கமாக உட்காரும் இடத்தில், கரியின்மேல் பாயை விரித்து அமர்ந்தார்கள்.

“எம்மா, பைய எந்திரிச்சு வெளிய வாங்க. ஆளில்லாம எடுக்கச் சொல்லியிருக்காவ.”

“அதான் ஆளு இருக்கேம்லா. எடுங்க.”

ஐயர் வாசலுக்கு வந்து, “சேலையெல்லாம் கரியாவுதேம்மா” என்றார்கள்.

“சேலைய வெளுத்துக்கிடலாம் ஐயா. கோயில பூட்டிப் போட்டா யாரு தெறப்பாவ?”

அசையாமல் இருக்கும்படி படக்காரர் கெஞ்சினார். அம்மாவோ முக்காடிட்டுத் தலை அசைய ஜெபிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகையால் முகம் கலங்கி விழுந்திருக்கிறது. ஆனாலும் ஆளில்லாத கோயில் என்று சொல்ல அந்தப் படம் உதவவில்லை. கோயிலைப் பூட்டும் உத்தரவு வரவில்லை. கூரைக்கு உதவியும் வரவில்லை. ஊராராகிய நாங்களே சட்டத்துக்குப் பனங்கை வெட்டி, ஓலை வேய்ந்து மூடிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு மார்ச்சளியில் படுத்த அம்மா, பத்துப் பேர் சுற்றி நிற்க, நினைவோடு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அன்று நல்ல மழை. நம் கூரை ஒழுகுகிறது, ஓடு போட்ட பக்கத்து ஊர்க் கோயிலில் அடக்க ஆராதனையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் ஐயர். என் தம்பிமார் பெட்டியைத் தூக்கி நேரே எங்கள் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நனைந்துகொண்டே ஆராதனையை நடத்திக்கொடுத்த ஐயர் அவர்களுக்கும், நோயில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய அண்டைவீட்டாருக்கும், கூரை வேய்ந்த கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் ஆண்டு நினைவு ஆராதனை எங்கள் கோயிலில்தான் நடக்கும். யாரும் எங்களைப் பக்கத்து ஊரில் போய்த் தேட வேண்டாம்.