நிறுத்திய மாத்திரையும் ரங்கன் தந்த துணையும்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்காரியான நானோ திருச்சி ஆஸ்பத்திரியில், என் கணவரின் கட்டிலருகே தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு நிமோனியா. ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே அவருக்குச் சித்தப்பிரமை. காதில் குரல்கள் கேட்கும். சோற்றில் விஷம் என்பார். மதராஸ் டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரையால்தான் தெளிந்து நடமாடினார். எங்களுக்குக் குழந்தை இல்லை. வியாதி தெரிந்ததும் உறவுகள் வாசற்படி ஏறுவதை நிறுத்திவிட்டன.

சேர்த்த அன்றே மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். "அது தூக்கத்தைக் கொடுக்கும்மா. இருக்கிற மூச்சும் குறைஞ்சிடும்" என்று வார்டு டாக்டர் நிறுத்திவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் சில நாளில் என் கணவருக்குப் பழைய குரல்கள் வந்துவிட்டன. குழாயைப் பிடுங்கி எறிந்தார். கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். என்னைப் பார்த்து, "நீ யாரு? என்னைக் கொல்ல வந்தவளா?" என்றார்.

கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினேன். உற்சவ நேரம், வர ஒழியவில்லை என்று பதில் வந்தது.

வராந்தாவில் நின்று அழுதேன். "ரங்கநாதா, அவரைக் காப்பாத்துன்னு கேக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் சொல்றதைக் கேக்க ஒருத்தரை அனுப்பு."

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னாடி எப்படி இருந்தார், மாத்திரைக்கு அப்புறம் எப்படி இருந்தார்? நிதானமா சொல்லுங்கம்மா."

எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "குடுத்தா மூச்சுக்கு ஆபத்து. குடுக்கலைன்னா குழாயைப் பிடுங்கியே போயிடுவார். ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். நர்ஸ் பக்கத்துலயே இருந்து மூச்சைப் பார்த்துக்கட்டும். உங்களுக்குச் சம்மதமா?"

கலந்து பேச எனக்கு மனுஷர் இல்லை. பெருமாளை நினைத்துத் தலையசைத்தேன்.

அன்று முழுவதும் அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு தளரவில்லை. மெல்ல மெல்ல அளவைக் கூட்டினார்கள். கைக்கட்டுகளை அவிழ்த்தார்கள். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "பத்மா, நீ சாப்பிட்டியோ?" என்றார்.

நிமோனியா குணமாகி, தை பிறந்து வீடு திரும்பினோம். சித்தப்பிரமை அடியோடு போகவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் இப்போது இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போகிறோம். முடிந்தபோதெல்லாம் நான் அந்த ஆஸ்பத்திரிக்கும் போய், துணையில்லாதவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு அழாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். ரங்கனிடமும் சொல்லுங்கள். ஒருவருமில்லாத எனக்கே அவன் செவி கொடுத்தான். உங்களுக்கும் கொடுப்பான்.