பார்க்காமல் தந்த ஒப்புதல்

ஷின்தியனில் ஆற்றோரம் இருக்கும் அந்த அலுவலகத்தில் பெங் ரூயி-யுன்னுக்குப் பயப்படாதவர் இல்லை. கணினி விழித்ததும் முதலில் ஓடும் நிரலில், மற்றவர்கள் எழுதும் அமைப்புத் தேர்வுகளின் பட்டியல்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. புதுத் தேர்வைப் பட்டியலின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மேலே செருகினால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடுவாள்.

காரணம் சுங்-யீ. எட்டு வருடங்களுக்கு முன் பக்கத்து இருக்கையில் இருந்தவன். மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலில் ஒன்று 'அணைந்திரு', இரண்டு 'எழுந்திரு'. பார்க்க அழகாக இருக்கட்டுமென்று புதிய தேர்வொன்றை முதலிடத்தில் வைத்தான்.

"அக்கா, சீக்கிரம் ஓகே போடுங்க. கோழிக்கால் ஆறிடும்."

"உன் தொல்லை தாங்கலடா," என்று பார்க்காமலேயே ஒப்புதல் கொடுத்தாள்.

கணினிகள் நினைவில் வைத்திருந்தது தேர்வின் வரிசை எண்ணை மட்டும்தான். புது நிரல் ஏறியதும், 'எழுந்திரு' என்றிருந்த இரண்டு 'அணைந்திரு' என்றாகிவிட்டது. புயலில் மின்சாரம் போய் வந்தபோது, யுன்லின் மீன்பண்ணை ஒன்றில் குளத்துக்குக் காற்றேற்றும் கணினி எழவில்லை. குளம் முழுக்கப் பால்கெண்டைகள் செத்து மிதந்தன.

விசாரணையில் சுங்-யீ, "தப்பு என்னோடது. அக்காவ நான்தான் அவசரப்படுத்தினேன்," என்றான். அவள் வாயே திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன சொல்ல? அவன் வேலை போயிற்று. மேலாளர் நிரலில் ஒரு குறிப்பு எழுதினார்: 'கடைசியில் மட்டும் சேர்க்கவும். சுங்-யீயின் தவறு.' அதற்கும் ஒப்புதல் தந்தவள் அவள்தான்.

இன்று காலை சுங்-யீயின் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. கல்லீரல் நோய். போய்விட்டான்.

ரூயி-யுன் அந்தக் குறிப்பைத் திறந்து கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'பார்க்காமல் ஒப்புதல் தந்தவள் பெங் ரூயி-யுன். அவனைத் தடுத்திருக்க வேண்டியவள் நான்.' யாராவது ஒருவர் இதைப் படித்துத் தன்னைக் காறித் துப்பினால் போதும் என்றிருந்தது. வேறொருவர் சரிபார்க்காமல் எந்த வரியும் உள்ளே போகாது. எதிர் இருக்கை ஹாவ்-டிங்குக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள்.

பத்து நொடிகூட ஆகவில்லை, ஒப்புதல் வந்துவிட்டது.

"படிச்சியா?"

"நீங்க எழுதினதுல நான் என்னக்கா பாக்கறது?" சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி சிரித்தான். "வாங்க, ஆறிடப் போகுது."

அவளுக்கு அழுகை பொங்கியது. அவனைத் திட்ட வாய் வரவில்லை.